ஒலிப்பெட்டியில் எழும் ரீங்காரம்: காரணமும் நீக்கும் வழியும்

தோட்டக் குடியிருப்புகளில் ஒலிப்பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காலைப் பால்வெட்டுக்குப் புறப்படுமுன் மின்னல் எஃப்.எம். வானொலியில் செய்தி கேட்போர் உளர். தொலைக்காட்சியின் ஒலியைப் பெருக்கி ஒன்றுக்குக் கொண்டு சென்று பெரிய பெட்டிகளில் பாட்டுக் கேட்போர் உளர். பழைய ஒலிநாடாக்களைக் கைவிட மனமின்றி அவற்றுக்குரிய கருவியையும் பேணி வருவோர் உளர். கைப்பேசியிலுள்ள பாடல்களைக் கம்பி வழியே பெருக்கிக்குச் செலுத்துவோர் இன்று இளைஞரிடையே மிகுதி. இவர்கள் அனைவருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. பாட்டுக்கு அடியில் 'ஊம்' என்று ஓயாது ஒலிக்கும் ரீங்காரமே அது.

இத்தொல்லைக்கு ஆளானவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கருவியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குச் செல்வது ஒன்று. அங்கே 'பெருக்கி பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்' என்பார்கள். அல்லது தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கம்பி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மற்றொன்று கைவைத்தியம். 'பிளக்கில் உள்ள மூன்றாவது முனையைக் கழற்றிவிடு, சத்தம் நின்றுவிடும்' என்று யாரேனும் ஒருவர் சொல்வார். அவ்வாறு செய்தால் சத்தம் நின்றுவிடுவதும் உண்டு. அதனாலேயே அந்த வைத்தியம் மறையாமல் வாழ்கிறது. அதைவிடக் கொடிய வைத்தியம் வேறில்லை. இக்கட்டுரையை எழுத முற்பட்டதற்கு முதற்காரணம் அதுவே. ஆயினும் காரணம் கூறாமல் 'செய்யாதே' என்று மட்டும் சொல்வது பயன் தராது. ஆகவே ரீங்காரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஓசையின் வகை அறிதல்

மருத்துவர் இருமலைக் கேட்டே நோயை ஓரளவு அறிவது போல், ஓசையைக் கேட்டே குறையை ஓரளவு அறியலாம்.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. முன்னாளில் 240 என்று வழங்கியது. அது ஒரே திசையில் ஓடுவதன்று. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுவது. இந்த ஊசலாட்டம் ஒலிக்கம்பிக்குள் எவ்வாறேனும் புகுந்துவிட்டால், ஒலிபெருக்கியின் தாளும் விநாடிக்கு 50 முறை அசைந்து ஆழ்ந்த முரற்சியை எழுப்பும். தொலைவில் நிற்கும் லாரியின் எந்திரம் ஓடுவது போன்ற ஓசை அது. இதனைக் கேட்டால் கம்பியையும் இணைப்புகளையும் ஐயுறுதல் வேண்டும்.

சற்று உயர்ந்த சுருதியில், சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது 100 சுற்று ஓசை. ஊசலாடும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடுமாறு மாற்றும் உறுப்பு ஒவ்வொரு பெருக்கியினுள்ளும் உண்டு. அவ்வாறு மாற்றும்போது விநாடிக்கு 100 அலைகள் எஞ்சும். அவற்றைச் சமன்செய்ய வேண்டிய மின்தேக்கி வலுவிழந்துவிட்டால் இவ்வோசை எழும். இது பெரும்பாலும் பெட்டிக்குள் உள்ள நோய். கம்பியை எத்தனை முறை மாற்றினும் தீராது. நிலவளையம் என்று பின்னர் நாம் கூறப்போகும் குறையிலும் இவ்வோசை சில வேளைகளில் கலந்து வருமாதலால், செவியை மட்டும் நம்பி முடிவு செய்துவிடலாகாது.

'கிர்ர்' என்று கூர்மையாய் எரிச்சலூட்டும் ஓசை, குழல் விளக்கு, விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி, மின்விசிறியின் வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றிலிருந்து வருவது. அவற்றை ஒவ்வொன்றாய் அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தானே அகப்படும். 'டட்டட் டட்டட்' என்று தாளமிடும் ஓசை, 2ஜி அலைவரிசையில் இயங்கும் கைப்பேசியால் விளைவது. அக்கைப்பேசி விநாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டு விட்டு அலை வீசும். அதனை இரண்டு முழம் தள்ளி வைத்தால் போதும். ஒலியளவுத் திருகியைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் திருகியினுள் அழுக்கு. இவையெல்லாம் சிறு தொல்லைகள். இவற்றை இங்கே விரிக்கவில்லை.

கம்பியின் உள்ளமைப்பு

ஒலிக்கருவியையும் பெருக்கியையும் இணைக்கும் கம்பியை வெட்டிப் பார்த்தால், நடுவே மெல்லிய செப்புக் கம்பி ஒன்றும், அதனைச் சுற்றி மின்கடத்தா உறையும், அதன்மேல் வலை போலப் பின்னிய செப்பு இழைகளும், எல்லாவற்றுக்கும் வெளியே மேலுறையும் இருப்பதைக் காணலாம். நடுக்கம்பி ஒலியை ஏந்திச் செல்வது. பின்னல் வலை இரண்டு வேலை செய்கிறது. ஒலி மின்னோட்டம் திரும்பி வரும் பாதையும் அதுவே. வெளியிலுள்ள மின்புலம் நடுக்கம்பியைத் தீண்டாதவாறு காக்கும் காப்பும் அதுவே.

காப்பு ஏன் தேவை? எண்களைப் பார்த்தால் விளங்கும். ஒலிநாடாக் கருவியிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் ஒலியின் அழுத்தம் ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே. கோயிலில் பயன்படும் ஒலிவாங்கி தருவது அதிலும் நூறில் ஒரு பங்கு. அதாவது சில மில்லிவோல்ட்டு மட்டுமே. அருகில் சுவரோரம் ஓடும் மின்கம்பியிலோ 230 வோல்ட்டு. யானையின் பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்றது இது. பின்னல் வலை ஓரிடத்தில் அறுந்துவிட்டால், யானையின் மூச்சுக்காற்றே எறும்பைத் தூக்கி எறிந்துவிடும்.

பின்னல் வலை அறுவது பெரும்பாலும் நடுவழியில் அன்று; செருகியின் கழுத்திலேதான். கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றுவதாலும், அலமாரியின் பின்னே மடங்கிக் கிடப்பதாலும் அவ்விடம் முறிகிறது. வெளியுறை முழுமையாகத் தோன்றும். உள்ளே இழைகள் அறுந்திருக்கும். கம்பியின் கழுத்தை மெல்ல அசைக்கும்போது ரீங்காரம் எழுந்தும் நின்றும் போனால் ஐயமின்றி அதுவே இடம். எலி கடித்த கம்பிகளும் உண்டு. தோட்ட வீடுகளில் இது புதிதன்று.

பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் கம்பியின் கதை வேறு. அதில் ஓடும் அழுத்தம் பெரிது. 8 ஓம் பெட்டிக்கு 10 வாட்டு செலுத்தும்போது ஏறத்தாழ 9 வோல்ட்டு இருக்கும். அதனுள் வெளி ரீங்காரம் புகுந்து கேட்பது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அக்கம்பிக்குப் பின்னல் வலை தேவையில்லை. சாதாரண இரட்டைக் கம்பி போதும். ரீங்காரத்தைப் போக்கும் என்று கூறி அதற்கு விலையுயர்ந்த கம்பி விற்பாராயின், அப்பணத்தைப் பிள்ளைகளின் பாடநூலுக்கு வைத்துக்கொள்வதே நலம் என்பது நமது கருத்து. தங்கமுலாம் களிம்பு பிடிக்காது என்பது மெய். ஆனால் அது ரீங்காரத்தை நீக்கும் மருந்தன்று.

நோய் எங்கே உள்ளது?

ஒரு சங்கிலியில் முறிந்த கண்ணியைத் தேடுவது போல், முதலிலிருந்து இறுதிவரை ஒவ்வொன்றாய் விலக்கிக்கொண்டு வருதல் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவோர் எதனால் குணமாயிற்று என்று அறியமாட்டார். ஒவ்வொரு கம்பியைக் கழற்றுமுன்னும் பெருக்கியை அணைத்துவிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. அணைக்காமல் கழற்றினால் எழும் 'டம்' என்ற ஓசை, ஒலிபெருக்கியின் தாளைக் கிழிக்கவும் கூடும்.

முதற்சோதனை, ஒலியளவைச் சுழியத்துக்குக் குறைப்பது. குறைத்த பின்னும் ரீங்காரம் அதே அளவில் இருக்குமானால், குறை ஒலியளவுத் திருகிக்குப் பின்னே, பெரும்பாலும் பெருக்கியின் மின்வழங்கும் பகுதியில் உள்ளது. ஒலியளவோடு சேர்ந்து ரீங்காரமும் குறையுமானால், குறை திருகிக்கு முன்னே உள்ளது. அதாவது கம்பியிலோ, ஒலி தரும் கருவியிலோ, அவற்றின் இணைப்பிலோ. இந்த ஒரு சோதனையே பாதி வழியைக் கடத்திவிடும்.

அடுத்து, பெருக்கியின் தேர்வுப் பொத்தானை மாற்றிப் பார்க்க வேண்டும். வானொலிக்கு வைத்தால் தூய்மையாகவும், தொலைக்காட்சிக்கு வைத்தால் ரீங்காரத்தோடும் ஒலித்தால் பெருக்கி நிரபராதி.

இடம், வலம் என இரண்டு பெட்டிகள் இருந்து, ஒன்றில் மட்டும் ரீங்காரம் எழுவது நல்வாய்ப்பே, கண்டுபிடிப்பது எளிது. இடப்பெட்டியில் ரீங்காரம் என்று கொள்வோம். பெருக்கியின் பின்புறத்தில் செருகியுள்ள சிவப்பு, வெள்ளைச் செருகிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுக. ரீங்காரம் இடப்பெட்டியிலேயே நிற்குமானால் குறை பெருக்கியில். வலப்பெட்டிக்குத் தாவுமானால் குறை கம்பியில் அல்லது ஒலிக்கருவியில். அவ்வாறு தாவினால், பெருக்கியின் பக்கத்தைப் பழையபடி வைத்துவிட்டு, ஒலிக்கருவியின் பக்கத்தில் மாற்றிச் செருகுக. இப்போது ரீங்காரம் இடப்பெட்டியில் தங்கினால் கம்பியே குற்றவாளி. வலப்பெட்டிக்குப் போனால் ஒலிக்கருவி. ஒரு காசு செலவின்றி, அளவுக்கருவி எதுவுமின்றி, கால் மணி நேரத்தில் முடியும் சோதனை இது.

கம்பியை ஒரு முனையில் கழற்றித் தொங்கவிட்டுச் சோதிப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். திறந்து தொங்கும் முனை வானத்தைப் பார்த்த பால்மங்கு மழைநீரை ஏற்பதுபோல் காற்றிலுள்ள ரீங்காரத்தை ஏற்கும். அப்போது எழும் சத்தத்தைக் கொண்டு எம்முடிவுக்கும் வருதல் கூடாது.

மின்கலத்திலும் ஓடக்கூடிய வானொலியாயின் மின்கலத்தைப் போட்டு இயக்கிப் பாருங்கள். ரீங்காரம் மறைந்தால் அதன் மின்மாற்றிப் பெட்டியே, அதாவது அடாப்டரே காரணம். கைப்பேசியைப் பெருக்கியோடு இணைத்து, அதே வேளையில் மின்னேற்றமும் செய்யும்போது மட்டும் இரைச்சல் எழுவதும் இத்தகையதே. மின்னேற்றியைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும். மலிவான மின்னேற்றிகளிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் ஒலிக்கம்பியின் பின்னல் வலை வழியாக வெளியேறுவதே அதற்குக் காரணம்.

நிலவளையம் என்னும் மறைபொருள்

கம்பி நன்று, கருவி நன்று, பெருக்கியும் நன்று. தனித்தனியே இயக்கினால் எதிலும் குறையில்லை. இணைத்தால் மட்டும் ரீங்காரம். இவ்விடத்தில்தான் பலர் திகைத்து நிற்கின்றனர்.

பிளக்கின் மூன்றாவது முனை நிலக்கம்பிக்கு உரியது. 'எர்த்து' என்று நாம் வழங்குவது இதனையே. அது கருவியின் உலோகக் கூட்டிலிருந்து புறப்பட்டு, சுவர்க்கம்பி வழியே சென்று, வீட்டின் வெளியே பூமியில் புதைத்த தண்டில் முடிகிறது. ஒரு கருவி ஒரு சுவரிலும் மற்றொரு கருவி எதிர்ச்சுவரிலும் செருகப்பட்டால், இரண்டுக்கும் தனித்தனி நிலப்பாதைகள். அவ்விரண்டையும் ஒலிக்கம்பியின் பின்னல் வலை நடுவே இணைத்துவிடுகிறது. இப்போது பூமி, நிலக்கம்பி, பின்னல் வலை, மீண்டும் நிலக்கம்பி என்று ஒரு முழுவளையம் அமைந்துவிடுகிறது.

இரண்டு லயங்களின் வடிகால்களை ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்ததாகக் கருதுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் குறுக்கு வாய்க்காலில் நீர் அசையாது. ஒன்று அரை அங்குலம் உயர்ந்திருந்தாலும் நீர் ஓடத் தொடங்கிவிடும். நிலப்பாதைகளும் அவ்வாறே. குளிர்பெட்டி ஒன்று ஒரு பக்கத்தில் ஓடினால் அந்தப் பாதையின் மின்மட்டம் சில மில்லிவோல்ட்டு மாறும். உடனே பின்னல் வலையில் 50 சுற்று மின்னோட்டம் ஓடும். அந்தப் பின்னல் வலையே ஒலிக்கும் திரும்பும் பாதையாதலால், பெருக்கி அதனையும் பாட்டென்று கருதிப் பெருக்கிவிடுகிறது. வரும் ஒலியே 300 மில்லிவோல்ட்டு என்றால், அதில் 1 மில்லிவோல்ட்டு ரீங்காரம் கலந்தாலும் பாட்டின் இடைவெளிகளில் காதில் விழும்.

நிலவளையத்தை உறுதி செய்வது எளிது. ஒலிக்கம்பி இணைந்திருக்கும்போதே, ஒலி தரும் கருவியின் பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாக உருவிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சு நிலக்கம்பியைத் துண்டிப்பதில்லை. பிளக்கை உருவியதும் ரீங்காரம் மறைந்தால் நிலவளையம் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

தீர்வுகளுள் தலையாயது எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் ஒரே நீட்டிப் பலகையில் செருகுவது. இரண்டு நிலப்பாதைகள் ஒன்றாகிவிடுவதால் மட்ட வேறுபாடு மறைகிறது. ஒலிக்கருவிகள் சிறிதளவு மின்சாரமே உண்பவை ஆதலால் பலகைக்குச் சுமையில்லை. ஆனால் அதே பலகையில் சோற்றுப்பானையையும் நீர்க்கொதிகலத்தையும் செருகுதல் கூடாது. 13 ஆம்பியர் பிளக்கு ஒன்று தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட்டு; இவ்விரண்டுமே அதனைத் தின்றுவிடக்கூடும்.

சில வீடுகளில் வளையம் கூரையின் வழியே அமையும். தொலைக்காட்சியின் வானலைக் கம்பியோ, ஆஸ்ட்ரோ தட்டின் கம்பியோ, நிலத்தைத் தொடும் இரும்புக் கம்பத்தோடு இணைந்திருப்பதே காரணம். அக்கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றியதும் ரீங்காரம் நின்றால் ஐயம் தீர்ந்தது. சாதாரண வானலைக் கம்பியாயின் அதற்கென விற்கும் தனிப்படுத்தி ஒன்றை இடையில் பொருத்தலாம். செயற்கைக்கோள் தட்டுக்கு அது பொருந்தாது. தட்டின் முனையிலுள்ள கருவிக்கு மின்சாரம் அக்கம்பி வழியாகவே செல்கிறது. அங்கே தொலைக்காட்சிக்கும் பெருக்கிக்கும் இடையில் ஒலிக்கான தனிப்படுத்தி மின்மாற்றியைப் பொருத்துவது முறை. ஒலி அதன் வழியே கடக்கும். செப்புத் தொடர்போ அறுபட்டுவிடும். அண்மைக்காலத் தொலைக்காட்சிகளில் ஒளியிழை வழி ஒலி தரும் துளை ஒன்று இருந்தால் அது இன்னும் நன்று. ஒளியிழையில் செப்பே இல்லை. வளையம் அமைய இடமேது?

மூன்றாவது முனை

நிலக்கம்பியை நீக்கினாலும் வளையம் அறுபடும், ரீங்காரம் நிற்கும். கைவைத்தியக்காரர் கண்டது இதனையே. அவர் காணாதது யாது?

நிலக்கம்பி நாள்தோறும் வேலை செய்வதன்று. என்றோ ஒருநாள், எலி கடித்தோ, வெப்பத்தால் உருகியோ, கரப்பான் பூச்சி புகுந்தோ, பெருக்கியின் உள்ளேயிருக்கும் 230 வோல்ட்டுக் கம்பி உலோகக் கூட்டைத் தொட்டுவிடும். நிலக்கம்பி இருந்தால் பெருமின்னோட்டம் அதன் வழியே பூமிக்கு ஓடி, பிளக்கினுள் உள்ள உருகிழையை உருக்கிவிடும். கருவி செத்துவிடும், ஆள் பிழைப்பார். நிலக்கம்பி இல்லையேல் எதுவும் நிகழாது. பாட்டு பாடிக்கொண்டே இருக்கும். கூடு மட்டும் 230 வோல்ட்டில் காத்திருக்கும். ஈரக்கையோடு, சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவர் எவரோ அவரே நிலக்கம்பியாகிவிடுவார். பெரும்பாலும் வீட்டிலுள்ள குழந்தையாகவோ, தரையைக் கழுவும் தாயாகவோ அவர் இருப்பார்.

மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவில் ஓடினாலே பிடித்த கையை விடமுடியாமல் தசைகள் இறுகக்கூடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் ஓடினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஒரு 40 வாட்டு இழைவிளக்கு எரிவதற்கு வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர். ஒரு சிறு விளக்கை எரிக்கும் மின்சாரம் ஐவரைக் கொல்லப் போதுமானது.

இதனைக் கற்பனை என்று எவரும் கருத வேண்டாம். 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் இசைக்கலைஞர் நில இணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியை ஈரக்கையால் தொட்டு, மேடையிலேயே உயிர் துறந்தார். 1976-இல் இங்கிலாந்தில் கீத் ரெல்ஃப் என்னும் புகழ்பெற்ற பாடகர், நில இணைப்பு முறையாக இல்லாத மின்கித்தாரைத் தம் வீட்டிலேயே மீட்டிக்கொண்டிருந்தபோது மாண்டார். இருவரும் கருவிகளோடு நெருங்கிப் பழகியவர்களே.

நம்மிடையே நிலவும் வேறொரு பழக்கத்தையும் இங்கே சுட்ட வேண்டும். இரண்டு முனைப் பிளக்கைச் சுவரில் செருகுவதற்காக, மேலேயுள்ள மூன்றாவது துளையில் பேனா மூடியையோ திருப்புளியையோ குத்தித் திறப்பார்கள். மூன்றாவது முனை மற்றவற்றைவிட நீளமாக அமைந்திருப்பதன் நோக்கமே, அது முதலில் நுழைந்து, நில இணைப்பு உறுதியான பின்னரே மற்றத் துளைகளின் கதவைத் திறக்க வேண்டும் என்பது. குத்தித் திறப்பவர் அந்தக் காவற்காரனை ஏமாற்றுகிறார். கருவியின் பின்புறத்தில் ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை உறையிட்ட கருவி. அதற்கு நிலக்கம்பி வேண்டியதில்லை. அதற்கும் உரிய மாற்றுச் செருகியைக் கடையில் வாங்கிப் பொருத்துவதே முறை. அச்சதுரக் குறி இல்லாத, உலோகக் கூடுடைய கருவிக்கு மூன்று முனை இன்றியமையாதது.

நில இணைப்புள்ள கருவியின் கூட்டைத் தொடும்போது 'சுரீர்' என்று உறுத்தினால், நிலக்கம்பி எங்கேயோ அறுந்துள்ளது என்பதற்கு அதுவே அறிகுறி. ரீங்காரமும் உறுத்தலும் ஒருசேர வந்தால் அக்கருவியை உடனே அணைத்து உருவிவிட வேண்டும். பிளக்கைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கலாம்: பழுப்பு மின்கம்பி, நீலம் நடுநிலைக் கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலக்கம்பி. பழைய கருவிகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. நிலக்கம்பி பிளக்கில் உறுதியாக இருந்தும் உறுத்தல் தொடர்ந்தால், குறை கருவிக்குள்ளோ சுவர்க்கம்பியிலோ இருக்கலாம். சுவர்க்கம்பியில் நாம் கைவைத்தல் கூடாது. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

தோட்டக் குடியிருப்பின் மின்னமைப்பு நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. குடியிருப்புக்கு மின்வசதி செய்து தருவதை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் முதலாளியின் கடமையாக வைத்துள்ளது. ஆகவே 'எங்கள் வீட்டு எர்த்து வேலை செய்யவில்லை' என்று அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பது சலுகை கேட்பதாகாது. பழைய லயங்களில் நிலத்தண்டின் இணைப்பு துருவேறி அறுந்துபோவது உண்டு. மின்பெட்டியிலுள்ள கசிவுத் துண்டிப்பியின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அது விழ வேண்டும். விழவில்லையானால் அதனையும் தெரிவியுங்கள்.

திருவிழாவில் ஒலிவாங்கி

கோயில் திருவிழாவில் ரீங்காரம் பெரும் பிரச்சினையாகிறது. ஒலிவாங்கி தரும் ஒலி மிகச் சிறியது. அதன் கம்பியோ மேடையிலிருந்து பெருக்கிவரை நீள்வது. மூன்று முள் உடைய ஒலிவாங்கிக் கம்பி இதற்கென்றே அமைந்தது. அதனுள் ஒலியை ஏந்தும் கம்பிகள் இரண்டு. அவை ஒன்றையொன்று முறுக்கி ஓடும். வழியில் புகும் ரீங்காரம் இரண்டிலும் ஒரே அளவாய்ப் புகும். பெருக்கி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுப்பதால், ஒத்த ரீங்காரம் கழிந்துவிடுகிறது. இரண்டு முனையுடைய சாதாரணக் கம்பியை நீட்டி ஒட்டி 50 அடிக்கு இழுப்போர் இந்த நன்மையை இழக்கின்றனர்.

ஒலிக்கம்பியையும் மின்கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டி இழுப்பதும் தவறு. ஓர் அடி இடைவெளி விட்டு இழுக்க வேண்டும். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் சிலுவைக் குறி போல் நேர்க்குறுக்காகக் கடத்த வேண்டும். மழை பெய்து நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று தேவாரம் பாடுபவரின் கையில் இருப்பது உலோக ஒலிவாங்கி. வாடகைப் பெருக்கியைக் கொண்டுவருவோரிடம் மூன்று முனைப் பிளக்கு முழுமையாக உள்ளதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு மேடையில் ஏற்றுவது கோயில் குழுவின் பொறுப்பு.

களிம்பும் பற்றாசும்

நம் நாட்டின் ஈரக்காற்றில் பித்தளைச் செருகிகள் விரைவில் களிம்பு பிடிக்கின்றன. களிம்பு ஏறிய செருகி, பாதி அறுந்த கம்பிக்கு ஒப்பானது. கருவியை அணைத்துவிட்டு, செருகியைத் துளையினுள் வைத்தபடியே பத்துமுறை திருகினால் பெரும்பாலும் தூய்மையாகிவிடும். எஞ்சியதைச் சாராவியில் நனைத்த துணியால் துடைக்கலாம். மணல்தாள் கூடாது, மேற்பூச்சைத் தேய்த்துவிட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் களிம்பு ஏறும். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பால் உறையாமல் காக்கும் அமோனியாவை வீட்டில் வைத்திருப்போர் அதனை ஒலிக்கருவிக்கு அருகில் வைக்கலாகாது. அதன் ஆவி செம்பையும் பித்தளையையும் அரிப்பது.

அறுந்த கம்பியை வெட்டிப் புதுச் செருகி பொருத்துவது கடினமன்று. உறையைச் சீவும்போது பால்வெட்டும் கையின் பக்குவம் வேண்டும். மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் பட்டையைக் கடந்து மரத்துக்குக் காயமாவது போல், இங்கே செப்பிழைகள் அறுபடும். நாள்தோறும் மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவும் தொழிலாளிக்கு இதனை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. பின்னல் வலையைப் பிரித்து முறுக்கி வெளிவளையத்திலும், நடுக்கம்பியை நடுமுனையிலும் பற்றவைக்க வேண்டும். உள்ளே குங்கிலியம் அடங்கிய பற்றாசுக் கம்பியையே பயன்படுத்துங்கள். தகரவேலைக்குரிய அமிலப் பசை நாளடைவில் இணைப்பை அரித்துவிடும். வலையின் ஓர் இழைகூட நடுமுனையைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் ரீங்காரம் இராது, பாட்டும் இராது.

இடையில் ஒரு செய்தி. இன்று மின்கம்பிகளுக்குப் பெரும்பாலும் பிவிசி உறையிடுகிறார்கள். அதற்கு முன்பு வீட்டு மின்கம்பிகளின் உறை, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரே. நம் தோட்டங்களின் பால் உலகின் பல வீடுகளுக்குள் ஒளியைக் கொண்டு சென்ற காலம் அது. அவ்வகைப் பழங்கம்பி இன்னும் எங்கேனும் ஓடினால் அதன் ரப்பர் காய்ந்து நொறுங்கியிருக்கும். பெருமை வேறு, பாதுகாப்பு வேறு. அதனை மாற்றச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் உள்ள குறை

எல்லாச் சோதனைகளும் முடிந்து, ஒலியளவு சுழியத்தில் இருக்கும்போதும், ஒலிக்கம்பிகள் அனைத்தையும் கழற்றிய பின்னும், இரண்டு பெட்டிகளிலும் ரீங்காரம் தொடருமானால் மின்தேக்கி காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல, வெப்பத்தில் அதனுள் உள்ள நீர்மம் வற்றுவது இயல்பு. இதற்காகப் பெட்டியைத் திறத்தல் கூடாது. பிளக்கை உருவிய பின்னும் அம்மின்தேக்கி தன்னுள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லும்போது 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல், 'ஒலியளவைக் குறைத்தாலும் ரீங்காரம் குறையவில்லை, கம்பிகளைக் கழற்றியும் பார்த்தாயிற்று, இரு பெட்டிகளிலும் உள்ளது' என்று சொல்லுங்கள். அவர் நேரே மின்வழங்கும் பகுதிக்குச் செல்வார். மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு மின்தேக்கிகளே. அவற்றின் விலை புதுப் பெருக்கியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. மாற்றிய பழைய மின்தேக்கிகளைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.